லிஃப்டின் நீளம்

கும்மிடிப்பூண்டி வாரியக் குடியிருப்பு, சி பிளாக்.
சோற்றில் காரை விழுந்தால்
தட்டைச் சற்று நகர்த்திக்கொள்வோம், அவ்வளவுதான்.

இடித்துவிட்டு ஒன்பது மாடி.
பாதி எங்களுக்கு,
மீதி காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு.
தெலுங்கிலும் அச்சடித்து வந்தது படிவம்.
நூற்றுப் பதினோரு கையெழுத்து விழுந்தாயிற்று.

பெஞ்சலய்யா மட்டும் பேனாவைத் திறக்கவில்லை.
"லிஃப்ட் எத்தனை அடி நீளம்?"
"ஆறு பேர் நிக்கலாம்," என்றார் இன்ஜினீயர்.
"நிக்கிறவங்களைக் கேக்கல."

அவர் மனைவியை நாற்காலியில் கட்டி
படித் திருப்பத்தில் சாய்த்துச் சாய்த்து இறக்கினோம்.
ஒரு கால் என் கையில் இருந்தது,
நாற்காலியின் கால்.

அடுத்த மாதத்து வரைபடத்தில்
ஏழடி.
காசு கொடுத்து வருகிறவர்களுக்கும்
அதே லிஃப்ட்.

பெஞ்சலய்யா சுண்ணக்கட்டியால் தரையில் அளந்து கோடிழுத்து
அதற்குள் படுத்துப் பார்த்தார்.
எழுந்து
சட்டையைத் தட்டிக்கொண்டு
பேனா கேட்டார்.