படைக்கு ஆள் காணாது

யூரியா மணம் தொண்டையைப் பிடிக்குது என்று
யோகசோதி முதல் வரியிலேயே நிப்பாட்டுகிறாள்.
வட்டக்கச்சிச் சங்கத்தின் பழைய உரக்களஞ்சியம்;
மூட்டைகள் போய் ஆறு மாதம், மணம் மட்டும் போகவில்லை.
நாளெல்லாம் கிளிநொச்சியில்
ஆருடையதோ காற்சட்டைகளுக்குப் பொக்கற் தைத்துவிட்டு
ஏழு பதினைந்து பஸ்ஸால் இறங்கி
நேரே அரசியாகி வந்து நிற்கிறவள்.
சுடுதண்ணி கொடுக்கிறோம்.
குடித்துவிட்டு மறுபடி அதே வரி:
"அடைத்த மதகைத் திறவுங்கள் மன்னா…"

மன்னருக்குச் சங்கதி வராது.
அற்புதநாதன், பால் சேகரிப்பு நிலையம்.
விடியற்காலையில் எல்லார் பாலிலும் கருவியை மிதக்கவிட்டு
தண்ணி கண்டுபிடிக்கிற மனிசன்.
அவருடைய சுதியில் எவ்வளவு தண்ணி என்று
பிலோமினா ரீச்சர் கண்ணாலேயே அளந்து
ஆர்மோனியத்தை அரைக்கட்டை இறக்குகிறா.

நான் கொப்பி பிடிக்கிறவள்.
எல்லாருடைய வரியும் எனக்குத் தெரியும்,
எனக்கென்று ஒரு வரியும் இல்லை.
வேலி ஓணானைப் போலத் தலையாட்டிக்கொண்டு
அவர்கள் மறக்கும் இடத்துக்காகக் காத்திருப்பேன்.

மிருதங்கக்காரப் பெடியன்
கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போய் மூன்று வாரம்.
அதனால் தாளம், கிருபைராசா அண்ணை.
கதிரையில் இருந்து, சறத்தை மடித்து,
செயற்கைக் காலில் இரண்டு விரலால் தட்டுவார்.
கணுக்காலடியில் தட்டினால் தொப்பி,
மேலே தட்டினால் வலந்தலை.
"வார் இழுக்கத் தேவையில்லை,
மழைக்கும் சுதி இறங்காது" என்பார்.
சிரிக்கலாமோ என்று முதல் வாரம் எங்களுக்குத் தெரியவில்லை.
இப்போது அவர் பிந்தினால் ஒத்திகை தொடங்காது.

ஏழாம் காட்சி.
மதகைக் காக்க மன்னர் படை அனுப்பவேண்டும்.
எழுதும்போது ஒருவரும் யோசிக்கவில்லை.
"படைக்கு ஆள் காணாது, ஆர் வாறியள்?"
அற்புதநாதன் பால்காரக் குரலில்தான் கேட்டார்.
களஞ்சியத்தில் ஒருவரும் அசையவில்லை.
வேறு வேறு வாய்களில்
இந்த ஒழுங்கைகளால் வந்துபோன கேள்வி அது.

பிறகு ஒன்பதாம் வகுப்புப் பெடியள் ஐந்து பேர்
தும்புத்தடியோடு ஓடிவந்தார்கள்.
எல்லாம் முடிந்தபின் பிறந்ததுகள்;
அதுகளுக்கு நல்ல சந்தோசம்.
ஒருவன் குப்புறப் படுத்து
தடியைத் தோளில் வைத்துக் குறிபார்த்தான்.

"அப்பிடி இல்லையடா."

சுகிர்தகலா. தையல் கடை. அரசியின் சேடி.
ஆறு வாரமாய் "ஓம் தேவி" தவிர வேறொன்றும் சொல்லாதவள்.
குனிந்து அவன் முழங்கையை உள்ளே தள்ளினாள்,
கன்னத்தைத் தடியோடு சேர்த்தாள்,
தூக்கி நின்ற குதிக்காலை
நிலத்தில் படிய அமத்தினாள்.
மூன்று விநாடி இருக்கும்.
நிமிர்ந்து தன் கையைப் பார்த்தாள்,
ஆரிடமோ இரவல் வாங்கியதைப் போல.

"அக்கா, யூரியூப்பில பாத்தனீங்களோ?"
"ஓம்" என்றாள்.

கொப்பியில் அந்த வரி இல்லை.
என்னால் எடுத்துக்கொடுக்கவும் முடியவில்லை.

ரீச்சர் சும்மா ஒரு கட்டையை அழுத்தினா.
அது சிக்குகிற கட்டை, விரலை எடுத்த பிறகும் இரைந்தது.
கிருபைராசா அண்ணை மெல்லத் தட்டத் தொடங்கினார்,
எங்கள் பாட்டு எதற்கும் பொருந்தாத தாளம்.
தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்:
"மன்னருக்குத் தடிமன்,
சண்டைக்குப் போகேலாது எண்டு போடு பிள்ளை."
அற்புதநாதன் அந்த இடத்திலேயே தும்மினார்.
ஆறு வாரத்தில் அவர் சரியாகத் தாளத்தில் விழுந்தது
அந்த ஒரு தும்மல்தான்.

ஏழாம் காட்சிக்குக் குறுக்கே பென்சிலால் கோடிழுத்தேன்.
தும்புத்தடிகளை வீணாக்கக்கூடாது என்று
பெடியள் இப்போது வாய்க்கால் கூட்டுகிற குடிசனம்.
அதற்குப் பாட்டு இருக்கவில்லை.
திரைக்குத் தைத்த உரப்பைகளின் பின்னால் நின்று
சுகிர்தகலா ஒரு மெட்டை முணுமுணுத்தாள்.
ரீச்சர் தேடித்தேடிப் பிடித்தா.
"சொல்லு வேண்டாமோ?" என்று கேட்டேன்.
"பிறகு பாப்பம்."

ஒன்பதரைக்குப் பூட்டினோம்.
நாளைக்கு ஒத்திகை இல்லை.
மூன்றாம் வாய்க்காலுக்குத் தண்ணி முறை,
மன்னர் மண்வெட்டியோடு வரம்பில் நிற்கவேணும்.