காட்பாடி, இரண்டாம் நடைமேடை

கல்லூரியில் யாரும்
நிறுத்தி நிறுத்திச் சொல்லமாட்டார்களாம்.
கமா, முற்றுப்புள்ளி, அடுத்த பத்தி,
எதுவும் கிடையாதாம்.
சொன்னது ஷாகிராவின் அக்கா,
முதல் செமஸ்டரிலேயே மூன்று அரியர் வைத்தவள்.

அதனால் டியூஷன் விட்டதும்
ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்கிறோம்
ரஃப் நோட்டும் நாங்களுமாய்.
ஒலிபெருக்கி ஆங்கிலத்துக்கு மாறும்வரை
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு.

முதல் நாள்
'யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ்' என்பதை
ஸ்பெல்லிங் பார்த்து எழுதி நிமிர்ந்தேன்.
வண்டி வந்து, நின்று, போயிருந்தது.

பத்தாவது நாள்
எண், ஊர், எத்தனை நிமிடம் தாமதம்,
நடுவே ஓர் அம்புக்குறி.
"வருந்துகிறாங்களே, அதை விட்டுடு" என்றாள் ஷாகிரா.
எதை விடலாம் என்று
பன்னிரண்டு வருடத்தில்
ஒரு மார்க் கேள்விகூட வந்ததில்லை எங்களுக்கு.

நேற்று
அந்தக் குரல் ஏதோ ஒரு வண்டியை
வேறு நடைமேடைக்கு மாற்றியது.
தமிழில் சொன்னபோது காதைப் பொத்திக்கொண்டோம்,
அதுதான் எங்கள் விதி.
ஆங்கிலத்தில் ஒன்றும் தப்பவில்லை:
எண். நேரம். நான்காவது.
நோட்டை நீட்டினேன்.
பெரிதாய் ஒரு டிக் போட்டாள் ஷாகிரா.

போட்ட பிறகுதான் வாசித்தாள்.
அது எங்கள் வளத்தூர் பாசஞ்சர்.

படிக்கட்டுக்கு ஓடினோம்,
பேனா மூடி பெஞ்சிலேயே கிடந்தது.