ஐந்துக்கு எத்தனை

போஸ்டிங்குக்கு முந்தைய வாரம் ஒரு தாள் தந்தார்கள்.
நரம்பில் ஊசி ஏற்றுதல்:
உன் நம்பிக்கை ஐந்துக்கு எத்தனை?
நான்கு போட்டேன்.
ஐந்தே போட்டிருப்பேன், திமிர் என்பார்கள்.

லேபில் இருந்தது ஒரு ரப்பர் கை.
தோளுக்கு மேல் ஆள் கிடையாது.
குத்தினால் சிவப்புச் சாயத் தண்ணீர் வரும்,
எல்லோருக்கும், எப்போதும்,
குத்திக் குத்தித் தேய்ந்த அதே ஓட்டை வழியாக.

பாம்பன் ஆஸ்பத்திரி, மூன்றாவது கட்டில்.
லூர்து பாக்கியம். பாசி எடுக்கப் போனவள்.
விடியலிலிருந்து வாந்தி, பேதி.
நாக்கு காய்ந்து கண் குழிந்து கிடந்தாள்.
விரல்களில் சுற்றிய துணியைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை,
அது மட்டும்தான் அவளிடம் ஈரம்.
புறங்கை முழுக்கப் பாறை கிழித்த கோடுகள்.
எது நரம்பு, எது தழும்பு
புத்தகத்தில் இதற்குப் படம் இல்லை.

"லைன் போட்டு வை, வந்திடுறேன்."
பிரசவ அறைக் கதவுக்கு அப்பால்
சகாயராணி சிஸ்டரின் குரல் மட்டும்.
கச்சான் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது.

முதல் குத்து.
நரம்பு நழுவியது.
(ரப்பர் கையில் நரம்பு நழுவாது.)
தோல் நீலமாய்ப் புடைத்தது.
"தெரியாட்டி விட்டுரு புள்ள"
கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.
கோபம்கூட இல்லை.
கோபப்படவும் தெம்பு வேண்டும்.

அடுத்த கை.
துணியை அவிழ்த்தேன், ஒவ்வொரு விரலாக.
வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்துக் காத்திருந்தேன்.
பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுத் தொட்டேன்.
அமுக்கினால் எழும்புவது நரம்பு,
எழும்பாதது தழும்பு.
தோலை இழுத்துப் பிடித்து
மூச்சையும் பிடித்து

ஊசியின் பின்னால் ஏறி வந்தது ஒரு துளி.
சாயம் இந்த நிறமே இல்லை.

பட்டையைத் தளர்த்த மறந்து
பிளாஸ்டர் ஒட்டப் போனேன்.
"கை கடுக்குது" என்றாள். அவிழ்த்தேன்.
சிஸ்டர் வந்து சொட்டு எண்ணினார்,
"டேப் கோணல்" என்றார், போய்விட்டார்.

கடைசி நாள் மறுபடி அதே தாள்.
இரண்டு போட்டேன்.
கீழக்கரை நஸ்ரின் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்:
"இப்பத்தானடி போடவே கத்துக்கிட்ட,
அதுக்குள்ள கொறஞ்சிருச்சா?"
யார் கைக்கு என்று
தாளில் கேட்கவில்லையே என்றேன்.

அவள் விடவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள்.
அவள் மணிக்கட்டுக்கு மேலே
என் விரல் தானாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.
நேரானது. தடிமனானது.
நஸ்ரினுக்கு நான்கு போடலாம்.