பதினாறாம் சேனல்

ஒரு கெழுத்தி முள்.
தூத்தூர்க் கரையிலிருந்து பதினோரு நாள் தள்ளி,
கயிறு இழுத்த வலது கையில்
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே.
கடல்தண்ணீரில் கழுவி, லுங்கித் துணியைக் கிழித்துச் சுற்றி
ததேயு மறுபடி கயிற்றைப் பிடித்திருக்கிறார்.
என் கையில் இருப்பது கேஸ் ஷீட் மட்டும்.
மற்றதெல்லாம் வராந்தாவில் அவர் மனைவி சொன்னது.

முதலில் கை வீங்கியது.
அது பிழையல்ல, அழைப்பு.
தோலுக்கடியில் காவல் கிடந்த ஒரு செல்
முள்ளோடு வந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு
சைட்டோகைன் கொஞ்சம் கசியவிட்டது:
இங்கே வா.
யார் பெயரையும் சொல்லவில்லை.
காது முளைத்திருந்த செல்களுக்குக் கேட்டது.
ரத்தக்குழாயின் சுவர் இளகியது,
வெள்ளணுக்கள் உருண்டு, ஒட்டி, இடுக்கில் நுழைந்து
வெளியே வந்தன.
சிவப்பு, சூடு, வலி
என்று நாம் எழுதிவைப்பது
அவர்கள் வந்துசேர்ந்த சந்தடியை.

எங்கள் வீட்டு மேசையில் ஒரு வயர்லெஸ் இருந்தது.
அப்பா கடலில் கிடக்கும் நாட்களில்
அம்மா சோறு வடிக்கும்போதும் அதை அணைக்கமாட்டாள்.
"எஞ்சின் நின்னுபோச்சு, நீவாடு தெக்கே இழுக்குது" என்று
ஒரு படகு பதினாறாம் சேனலில் சொன்னால்
பக்கத்தில் கிடந்த இரண்டு படகு திரும்பும்.
இரண்டு போதும்.
அப்புறம் ஒரு குரல் வரும்:
"ஆளு கிட்டியாச்சு. மத்தவங்க வேலயப் பாருங்க. ஓவர்."
நர்சிங் இரண்டாம் ஆண்டில்
இன்டர்லூகின் பத்து என்று படித்தபோது
எனக்குக் கேட்டது அந்தக் குரல்தான்.
பரீட்சையில் அதை எழுத முடியாது.

ஒரு கச்சான் இரவில்
எல்லாப் படகும் ஒரே நேரம் பொத்தானை அமுக்கின.
இரைச்சல்.
யாருடைய சொல்லும் யாருக்கும் எட்டவில்லை.
அம்மா அப்போதும் அணைக்கவில்லை.

ஆசாரிப்பள்ளம், ஐ.சி.யூ., ஏழாம் கட்டில்.
காய்ச்சல் நூற்றுநாலு. விரல்நுனி நீலம்.
பிரஷர் எழுபதுக்குக் கீழே.
கையில் ஆரம்பித்தது இப்போது எங்கும்:
எல்லாக் குழாயும் இளகி வழிவிடுகிறது.
தேடி வந்தது யாரை என்று மறந்து
சிறுநீரகத்தின் வாசலில் நெருக்கியடிக்கிறது கூட்டம்.

பெனடிக்டா கேட்டாள்:
"கிருமி செத்துப்போச்சுன்னு சொன்னிய.
பின்ன இவரு யாருகூட சண்ட போடுதாரு?"
இவருகூடத்தான் என்பது வாய்வரை வந்தது.
"கூப்பிட்ட சத்தம் இன்னும் அடங்கல்ல" என்றேன்.
அவள் தூத்தூர்க்காரி. அதற்குமேல் கேட்கவில்லை.

ஸ்டீராய்டு ஏற்றுகிறோம், குரலைத் தாழ்த்த.
தாழ்த்தத்தான்; அணைக்க அல்ல.
நாளைக்கு இன்னொரு முள் வந்தால்
கேட்பதற்கு ஆள் வேண்டும்.

ஆனால் வயர்லெஸ் கதை இதற்குமேல் பொருந்தாது.
படகுக்குப் பெயர் உண்டு, கரையில் காத்திருக்க ஆள் உண்டு.
ஓடிவந்து, சண்டையிட்டு, செத்துக் கிடக்கும் வெள்ளணுவை
யாரும் பேர் சொல்லித் தேடுவதில்லை.
இன்னொரு செல் வந்து அதை விழுங்குகிறது.
அங்கே அடக்கம் என்பது அதுதான்.
விழுங்கிய பிறகே அந்தச் செல்
போதும் என்று சொல்லத் தொடங்குகிறது.
இதற்கு எங்கள் ஊரில் உவமை இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

நாலு இருபதுக்கு நெற்றியில் வேர்வை.
காய்ச்சல் நூற்றியொன்று.
ஒரு மணி நேரமாக வெறுமனே தொங்கிய பையில்
முப்பது மில்லி சிறுநீர்.
இவ்வளவு அழகான மஞ்சளை நான் கண்டதில்லை
என்று சொன்னால் டாக்டர் சிரிப்பார்.

பெனடிக்டா போனில் பேசுவது கதவுவழி கேட்டது.
இரண்டு வேன் நிறைய ஆட்கள் குழித்துறை தாண்டிவிட்டார்களாம்.
"வரண்டாம், திரும்பிப் போங்க.
ரெண்டு பேரு இருந்தா போதும்."

நான் ஷீட்டில் முப்பது என்று எழுதினேன்.
ஐந்து மணிக் கட்டம் காலியாக இருக்கிறது.