கித்தான் மடிப்பு

கிரான் கடற்கரையில் அவர்களுடைய ஷாலே
வருஷத்தில் நாற்பது நாள்தான் வீடு.
மிச்ச நாளெல்லாம்
நானும் ஒரு தண்ணீர் மோட்டாரும்.

பஷாயர், மூன்றாவது மகள்,
இந்த முறை பெட்டிகளோடு
ஒரு முக்காலிச் சட்டத்தையும் இறக்கினாள்.
மீன் சுடும் அடுப்புக்கு எதிரே மணலில் நட்டு
விடிந்ததிலிருந்து வெயில் விரட்டும்வரை
வீட்டை வரைந்தாள்.
நான் வைத்த சுலைமானியில் ஒரு தடவை
தூரிகையை முக்கிவிட்டாள்.
இரண்டு பேரும் சிரித்தோம்.

முதல் வாரம் கடல்.
இவ்வளவு கிட்டே இல்லையே என்றேன்.
"எனக்கு ஆறு வயதில் இருந்தது" என்றாள்.
அதற்கு மேல் ஒரு ஹாரிஸ் என்ன பேச.

அப்புறம் கதவு.
போன மார்ச்சில் நான் இரண்டு கோட்
வெள்ளை அடித்த கதவு
படத்தில் நீலமாக இருந்தது.
அந்த நீலத்தைச் சுரண்டியவன் நான்.
நகக்கண்ணில் நாலு நாள் கிடந்தது.
எப்படியோ திரும்ப ஒட்டிவிட்டாள்.

மாடிக் கம்பியில் ஒரு ஆரஞ்சுத் துண்டு காய்கிறது.
அவளுடைய அம்மாவின் துண்டு.
இரண்டு வருஷமாக யாரும்
அந்தக் கம்பியில் எதுவும் போடுவதில்லை.
அபு மிஷாரி படத்தைப் பார்த்தார்,
போய்க் காரில் உட்கார்ந்தார்,
ஏசியைப் போட்டுக்கொண்டு,
மக்ரிப் பாங்கு சொல்லும்வரை.

ஏசித் தண்ணீர் சொட்ட நான் வைத்த வாளி,
சுவரில் உப்புப் பூத்த இடம்,
ஒற்றைக்கண் பூனை, ஒன்றும் படத்தில் இல்லை.
உப்பைப் பற்றி மட்டும் கேட்டேன்.
"வெள்ளை மேல் வெள்ளை, சுயம்பு.
தெரியாது. ஆனால் இருக்கிறது."

வலது ஓரத்தில் படம் முடிகிறது.
அங்கேதான் என் அறை தொடங்கும்.
வருத்தப்பட ஒன்றுமில்லை,
எங்காவது முடியத்தானே வேண்டும்,
கித்தானை அளந்துதான் விற்கிறார்கள்.

கடைசி நாள் ஜிஎம்சியின் பின்னால்
ஏற்றச் சொன்னார்கள்.
"முகத்தைத் தொடாதே, ஈரம்" என்றாள்.
விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன்.
மரச்சட்டத்தில் மடங்கி
ஆணியடித்த இரண்டு விரற்கடைப் பக்கவாட்டில்
ஒரு பச்சைக் கோடு,
அதன் கீழே கட்டம் போட்ட ஏதோ ஒன்று.
என் கொடிக்கயிறு. என் கைலி.
அல்லது
அவள் தூரிகையைத் துடைத்த இடம்.

கேட்டிருக்கலாம்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது,
ஐஸ்பெட்டி மேல் யார் உட்காருவதென்று
பிள்ளைகள் சண்டை.
கதவைச் சாத்திய பிறகுதான் பார்த்தேன்,
கட்டைவிரலெல்லாம் பச்சை.
சிவில் ஐடிக்குப் பிறகு
இந்த நாட்டில் என் கைரேகை பதிந்த
இரண்டாவது இடம்.

புழுதி அடங்கிற்று.
மோட்டாரைப் போட்டேன்.
ஸ்டோர் அறையில், வலைக்கு அடியில்,
பாதி டின் நீலம் இன்னும் இருக்கிறது,
மூடி இறுகிப்போய்.
திறக்க ஒரு ஸ்க்ரூடிரைவர்
தேடிக்கொண்டிருக்கிறேன்.