முப்பத்தேழாவது ஓவர், நாலாவது பந்து

பங்குனி வெயில் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.
அதன் கீழே நானும்
மற்றப் பள்ளிக்கூடத்துக் கணக்கெழுதி விக்னரூபனும்
கூராக்கிய ஆறு பென்சில்களும்.
இரண்டு பேருக்கும் ஒரே வேலை:
எல்லாப் பந்தையும் பார்ப்பது.
மூன்று நாளும்.

ஒன்றுமே நடக்காத பந்துக்கும்
இந்தக் கொப்பியில் ஒரு கட்டம் உண்டு.
அதற்குள் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

கோட்டைப் பக்கத்தில் பாண்ட்காரர் ஓயவே இல்லை.
ஆர் அவுட்டானாலும் அதே மெட்டு,
தண்ணி கொண்டு ஓடும் பெடியனுக்கும் அதே மெட்டு.
கனடாவிலிருந்து லீவில் வந்த பழைய மாணவர்கள்
ஒரே நிறச் சேட்டில்
ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி நின்று
கையை நீட்டித் தங்களையே படம் பிடிக்கிறார்கள்.
தோளுக்கு மேலால்
சின்னதாய், மங்கலாய்
ஒரு மட்ச்.

சாருகேசன், நாற்பத்தொரு பந்தில் இரண்டு ஓட்டம்.
விடுகிறான். விடுகிறான். தடுக்கிறான். விடுகிறான்.
வெளியே போகிற பந்தை
துடுப்பை உயர்த்தி அவன் போகவிடும் விதம்,
கடன் கேட்டு வந்தவனைப்
படலையடியிலேயே நல்லமாதிரிக் கதைத்து
அனுப்பிவிடுவது போல.

"அடியடா, இல்லாட்டி அவுட்டாகு!"
மதிலில் இருந்த ஒரு பெடியன் கத்தினான்.
கத்தின கையோடு குனிந்துவிட்டான்.
மடியில் போன். போனுக்குள்
வேறெங்கோ ஒரு நாட்டில் வேறொரு மட்ச்,
சிக்ஸர்களை மட்டும் வெட்டி ஒட்டியது.
அதையும் அவன் விரலால் தள்ளித் தள்ளித்தான் பார்த்தான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
ஏனென்றால்
முப்பத்தேழாவது ஓவர், நாலாவது பந்து,
என் காற்சட்டைப் பைக்குள் ஒரு நடுக்கம்.
எடுத்துப் பார்த்தேன்.
செருப்பு அரைவிலை. இன்று மட்டும்.

நிமிர்ந்தால்
சாருகேசன் மற்றக் கரையில் நிற்கிறான்.
ஒரு ஓட்டம் ஓடியிருக்கிறார்கள்.
நடுவரின் கைகள் ஏற்கெனவே பொக்கற்றுக்குள்.

"என்ன போட்டனீர்?" என்றேன் மெதுவாக.
"நீங்கள் என்ன போட்டியள்?" என்றான் விக்னரூபன்.
அவன் மடியிலும் ஒரு வெளிச்சம் அணைந்துகொண்டிருந்தது.

பின்னால் திரும்பிக் கேட்டேன்:
"தம்பி, இப்ப பட்டது துடுப்பிலையோ, காலிலையோ?"
"ஓடினவங்களோ?"
"இப்ப ஆற்றை பற்றிங்?"
ஒரு பிள்ளை மட்டும், "நான் எடுத்தனான் அண்ணை" என்று
ஆசையாய்ப் போனை நீட்டினாள்.
பத்தொன்பது செக்கன்.
அவளுடைய சிரிப்பு, ஒரு கொடி, ஒரு முழங்கை,
முழங்கைக்குப் பின்னால்
ஆரோ ஓடுகிற பாதிக் கால்.

ஆயிரம் பேர் காசு கட்டி உள்ளே வந்த மைதானத்தில்
ஒரு பந்து
ஆருக்கும் தெரியாமல் நடந்து முடிந்துவிட்டது.

"துடுப்பிலை போடுவம், பாவம்" என்றான் விக்னரூபன்.
போட்டோம்.

பின்னேரம் பண்ணைக் காற்று வந்தது.
சனம் வெறும் போத்தல்களை விட்டுவிட்டுப் போனது.
ஒன்பது ஓட்டத்தோடு அவுட்டாகாமல் வந்த சாருகேசன்
காப்பு கழற்றாத கால்களோடு
எங்கள் மேசைக்கு வந்தான்.
தன் பெயருக்கு நேரே விரலை வைத்துக்
கட்டம் கட்டமாய் நகர்த்தினான்,
பந்தை மறுபடி ஆடுகிறவன் மாதிரி.
விரல் நின்றது.
"சேர், இது என்ரை இல்லை.
காலிலை பட்டது. அம்பயர் முழங்காலைத் தூக்கித் தட்டிக் காட்டினவர்.
காணேல்லையோ?"

நான் அழிறப்பரைத் தேடினேன்.
விக்னரூபன் வானத்தைப் பார்த்தான்.

அழித்த இடத்தில் தாள் மெலிந்துபோனது.
ஏணியில் ஏறின பெடியன்
தகர ஒன்பதைக் கழற்றி எட்டைக் கொழுவினான்.
வெறும் மைதானத்தில் அது
டங்கென்று கேட்டது.

முச்சில்லுக்குள் மேளத்தைத் திணித்துக்கொண்டிருந்த பாண்ட்காரன்
திடுக்கிட்டு நிமிர்ந்தான்:
"ஆரும் அவுட்டே, சேர்?"