எட்டாயிரம் உச்சியில்

கெமியில் பிப்ரவரி. கராஜுக்குள் மைனஸ் நான்கு.
வெளியே எவ்வளவென்று பார்ப்பதை விட்டுவிட்டேன்.

போன ஆகஸ்டில், இருட்டில், ஒரு சரளைக்கல் திருப்பத்தில்
சுசூகியும் நானும் தனித்தனியாகச் சறுக்கினோம்.
நான் ஒரு புதரில் நின்றேன்.
அது வேலிக்கம்பம் வரைக்கும் போனது.
முன்மூடி, கண்ணாடி, விளக்கு எல்லாம் தூள்.
எஞ்சினும் சட்டமும் பிழைத்துக்கொண்டன.
மூடி வாங்கக் காசில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்;
மனமும் இல்லை.
தோலுரிந்த பிறகுதான்
அது யாரென்றே எனக்குத் தெரிந்தது.

அகல ஹேண்டில்பார். ஒற்றை விளக்கு.
நடுவில், மீட்டர்கள் இருந்த இடத்தில்,
பிய்ந்த ஸ்பாஞ்சும் பதினேழு ஒயர்களும்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
யாருடைய கடைவாய்க்கோ
பீங்கானில் மேடுபள்ளம் செதுக்கி அனுப்புவேன்.
முகம் பார்த்ததில்லை.
அந்தச் சின்ன அரங்களும் கைத்துளைப்பானும்
இரவில் என் பையில் வீட்டுக்கு வரும்.
முதலாளிக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பார்.

மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகடு.
முதலில் பழைய காலண்டர் அட்டையில் வெட்டிப் பார்த்தேன்.
ஆர்.பி.எம். மீட்டர் பெரியது, நடுவில்.
வேகமானி சைக்கிள்காரர்களுடையது, தீப்பெட்டி அளவு;
அதன் காந்தம் டிஸ்க்கின் போல்ட்டில்.
ஆயில் சூட்டுக்கு ஒரு முள்.
நியூட்ரலுக்குப் பச்சை, ஆயில் அழுத்தத்துக்குச் சிவப்பு,
இரண்டுக்கும் பல் ரெசினில் வார்த்த மூடி.
சாவி போட்டால்
ஒரு குழந்தையின் முன்பல் பச்சையாக ஒளிர்கிறது.

பழைய முகப்பை உப்புத்தாளால் தேய்த்து வெளுத்து
கோடுகளை நானே வரைந்தேன்.
பிறகு மொத்த வட்டையும் இடப்பக்கம் திருப்பினேன்,
எனக்குப் பிடித்த எட்டாயிரம்
நேர் உச்சியில் நிற்கும்படி.
சும்மா உறுமும்போது முள் தரையைப் பார்க்கும்.
இனி எதையும் படிக்க வேண்டாம்:
நிமிர்ந்திருந்தால் சரி.
சிவப்புக் கோடு போடவில்லை.
அந்த இடம் காதுக்குத் தெரியும்.

முதல் ஏற்றம் கெட்டது.
தகட்டை ஃபோர்க் கிளாம்போடு நேரே முறுக்கியிருந்தேன்.
நாலாயிரத்தைத் தொட்டதும்
முள் மூன்றாகி, விசிறியாகி,
காணவே இல்லை.
எதிர் கராஜ் தௌனோ எட்டிப் பார்த்தான்
(அவன் படகு மோட்டார் திறந்தபடி மூன்று வருடம்).
"நடுக்கத்தை நிறுத்த முடியாது.
நடுவில் வேறு எதையாவது நடுங்க விடு."
படகிலிருந்தே நான்கு ரப்பர் புஷ் கழற்றித் தந்தான்.
அந்தப் படகு ஏன் ஓடுவதில்லை என்று புரிந்தது.

அடுத்து, கண்ணாடிக்குள் மூச்சு.
ஹேர் டிரையர். சிலிக்கோன். மேலும் சிலிக்கோன்.
அடைக்க அடைக்க உள்ளே வியர்த்தது.
எட்டு இரவு அடைத்தேன்.
ஒன்பதாவது இரவு, எரிச்சலில்,
என்னிடமுள்ளதிலேயே மெல்லிய துளைப்பானால்
அடியில் ஒரு ஓட்டை போட்டேன்.
காலையில் தெளிந்து கிடந்தது.

மே மாதம். வாகனச் சோதனை நிலையம்.
வுவொக்கோ என்று சட்டையில் பெயர்.
பிரேக் பார்த்தாள், சங்கிலி பார்த்தாள்,
மீட்டரிடம் வந்து தலையை இடப்பக்கம் சாய்த்தாள்.
இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.
"கோணலாக இருக்கிறதே."
"ஓடும்போது நேராகிவிடும்" என்றேன்.
கேட்காமலே ஸ்டார்ட் செய்து
ஆக்சிலரேட்டரைத் திருகினாள்.
முள் தரையிலிருந்து எழுந்து ஏறி
உச்சியில் போய் நின்றது.
அவள் தலையும் நிமிர்ந்திருந்தது.
கொட்டகை முழுக்க ஆணிகள் குலுங்கின.

அணைத்தாள். சிரிக்கவில்லை. எழுதினாள்.
"வேகமானிக்கு உள்விளக்கு இல்லை.
இரவில் தெரிய வேண்டும். மறுபடி வாருங்கள்."

"இந்த ஊரில் கோடையில் இரவு ஏது?"

பேனாவை மூடினாள்.
"ஆகஸ்டில் இருக்கிறது."